முழுப் பக்கமும் வேண்டாம், ஒரு பிரிவு போதும்

விக்கிப்பீடியா கட்டுரை எதைத் திறந்தாலும் ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும் சின்ன எழுத்தில் ‘தொகு’, ‘மூலத்தைத் தொகு’ என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். புதிதாக எழுத வருகிறவர்கள் இவற்றைக் கண்டுகொள்ளாமல், பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய பொத்தானுக்கே போய்விடுகிறார்கள். ஒரு வரியைத் திருத்த முழுக் கட்டுரையையும் திறந்துவைத்து, நகர்த்தி நகர்த்தித் தேடுகிறார்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இந்தப் பிரிவுத் தொகுப்புதான். அதில் இருக்கும் குழிகளும் கொஞ்சநஞ்சம் அல்ல.

செங்கல்பட்டு மாவட்டத்தைப் பற்றிய கட்டுரையில், 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைப் பற்றி இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘போக்குவரத்து’ தலைப்புக்குப் பக்கத்தில் ‘மூலத்தைத் தொகு’ என்பதை அழுத்தினால், அந்தத் தலைப்பும் அதன் கீழுள்ள துணைத்தலைப்புகளும் மட்டுமே தொகுப்புப் பெட்டிக்குள் வரும். தேடி மாற்றும் கருவியை ஓட்டினாலும் அந்தப் பிரிவுக்கு வெளியே ஒரு எழுத்தும் அசையாது. ‘சுருக்கம்’ கட்டத்தில் பிரிவின் பெயர் தானாகவே நிரம்பியிருக்கும். சேமித்த பிறகு வரலாற்றுப் பக்கத்தில் அது சாம்பல் நிறத்தில் ஓர் அம்புக்குறியோடு தெரியும். அழுத்தினால் நேராக அந்தப் பிரிவுக்கே கொண்டுபோய் விடும். அண்மைய மாற்றங்களை உட்கார்ந்து கண்காணிக்கிறவர்களுக்கு இந்த ஒரு சொல்லே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

இந்த வசதியின் அருமை தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாகப் புரியும். பழைய உலாவிகள் சில, 32 கிலோபைட்டுக்கு மேற்பட்ட உரையைத் தொகுப்புப் பெட்டியில் ஒழுங்காகக் கையாளாது; பக்கம் அந்த அளவைத் தாண்டினால் விக்கிப்பீடியா எச்சரித்த காலம் ஒன்று உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ‘க’ மூன்று பைட், புள்ளி வைத்த ‘க்’ ஆறு. ஆங்கிலத்தில் நடுத்தர நீளம் என்று சொல்லக்கூடிய கட்டுரை, பைட் கணக்கில் தமிழில் பெரும் பாரமாகிவிடும். இன்றைய உலாவிகளுக்கு 32 கிலோபைட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விலை குறைந்த கைப்பேசியில் நீண்ட தமிழ்க் கட்டுரையின் மூலத்தை முழுதாகத் திறந்து, நடுவில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திப் பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

இரண்டு இணைப்புகளில் எது? கணினியில் தயங்காமல் ‘மூலத்தைத் தொகு’ பக்கம்தான் என் ஓட்டு. மற்றது, பக்கம் படிப்பவருக்குத் தெரியும் வடிவிலேயே திருத்தவிடும் விஷுவல் எடிட்டரைத் திறக்கிறது. பிரிவின் இணைப்பை அழுத்தினாலும் அது முழுப் பக்கத்தையும் ஏற்றிக்கொண்டு, அந்தப் பிரிவு வரைக்கும் உருட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். படங்களும் வார்ப்புருக்களும் மலிந்த கட்டுரை என்றால் அதுவரை காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் கதை வேறு: அங்கே பென்சில் சின்னத்தைத் தொட்டால் விஷுவல் எடிட்டரும் அந்தப் பிரிவை மட்டுமே காட்டுகிறது. பெரிய திரையில் இல்லாத ஒழுங்கு சின்னத் திரையில் இருப்பது வேடிக்கைதான்.

இனி குழிகள். முதலாவது, மேற்கோள்கள். கட்டுரையின் கடைசியில் உள்ள ‘மேற்கோள்கள்’ பிரிவைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒற்றை வார்ப்புரு மட்டும்தான் இருக்கும். பட்டியலில் பார்த்த சான்றுகள் எங்கே போயின என்று புதியவர்கள் திகைப்பது இங்கேதான். சான்று எந்த வாக்கியத்துக்கு உரியதோ அந்த வாக்கியத்தின் அருகில், வேறொரு பிரிவில் உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட ஆபத்தானது, பெயரிட்ட மேற்கோள். ஒரு நூலின் முழு விவரத்தையும் ‘வரலாறு’ பிரிவில் ஒருமுறை எழுதிவிட்டு, மற்றப் பிரிவுகளில் அதன் பெயரை மட்டும் சொல்லி அழைக்கலாம். ‘வரலாறு’ பிரிவை மட்டும் திறந்து, தேவையில்லை என்று அந்த வாக்கியத்தை நீக்கினால், அதே சான்றை நம்பியிருந்த மற்றப் பிரிவுகள் அம்போ. முன்தோற்றத்தில் உங்கள் பிரிவு சுத்தமாகத்தான் தெரியும். சேமித்த பிறகு பக்கத்தின் அடியில் சிவப்பில் பிழைச்செய்தி எட்டிப்பார்க்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இப்படி அனாதையாகும் மேற்கோள்களை மீட்பதை அனோமிபாட் என்ற தானியங்கி ஒரு வேலையாகவே வைத்திருக்கிறது. ஆகவே பெயரிட்ட மேற்கோளில் கைவைக்கும்போது மட்டும் முழுப் பக்கத்தையும் திறந்துவிடுவது நல்லது.

இரண்டாவது, முன்னுரை. கணினியில் கட்டுரையின் முதல் பத்திகளுக்குத் தலைப்பு இல்லை, அதனால் பிரிவு இணைப்பும் இல்லை. அதிகம் பேர் படிப்பதும் அடிக்கடி திருத்தம் கேட்பதும் அந்தப் பகுதிதான்! ஏதாவது ஒரு பிரிவின் மூலத்தைத் திறந்துவிட்டு, முகவரிப் பட்டையின் கடைசியில் உள்ள பிரிவு எண்ணை அழித்துப் பூச்சியம் போட்டால் முன்னுரை மட்டும் வரும். தெரிந்தவர்களுக்கு இது ஒரு நொடி வேலை. தெரியாதவர்களுக்கு யார் சொல்வது?

அந்த எண் வெறும் வரிசை எண் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பக்கத்தை நெடுநேரம் திறந்து வைத்திருக்கிறீர்கள், இடையில் வேறொருவர் மேலே ஒரு புதிய தலைப்பைச் சேர்த்துவிட்டார். இப்போது பழைய இணைப்பை அழுத்தினால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். எழுதத் தொடங்கும் முன் பெட்டியின் முதல் வரியில் இருக்கும் தலைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் பலர் எழுதும்போது மீடியாவிக்கி நன்றாகவே சமாளிக்கிறது. நீங்கள் ஒரு பிரிவிலும் இன்னொருவர் வேறு பிரிவிலும் இருந்தால், இரண்டு மாற்றங்களையும் அதுவே இணைத்துக்கொள்ளும். அலுவலகங்கள் பலவற்றில் உள்விக்கியாகப் புழங்கும் டோகுவிக்கியிலும் பிரிவுத் தொகுப்பு உண்டு. ஆனால் அங்கே ஒருவர் எந்தப் பிரிவைத் திறந்தாலும் முழுப் பக்கத்துக்கும் பூட்டு விழுந்துவிடும். இயல்பு அமைப்பில் அதன் ஆயுள் 15 நிமிடம். அடுத்தவர் கீழே ஒரு தேதியை மட்டும் மாற்ற வந்திருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ் விக்கிப்பீடியர்கள் கூடிப் பேசும் ஆலமரத்தடி போன்ற பக்கங்களில், பழைய உரையாடலுக்கு மறுமொழி எழுத இப்போது ‘பதிலளி’ இணைப்பு வந்துவிட்டது. அங்கே பிரிவைத் திறந்து, முக்காற்புள்ளி போட்டு உள்தள்ளி, கையொப்பத்துக்கு நான்கு அலைக்குறி இடும் வேலை இனி இல்லை. கட்டுரைகளுக்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய சின்ன இணைப்பேதான். முன்னுரைக்கும் ஒன்றை இயல்பாகவே வைத்துவிட்டால் எனக்குப் பாதிக் குறை தீர்ந்தது.