எண்ணிக்கையும் கற்றலும்: தமிழ்க் கல்விக் காணொலிகளின் மொழிநடை

திறவுச்சொற்கள்: கல்விக் காணொலி, இரட்டை வழக்கு, கலைச்சொல், கல்வித் தொலைக்காட்சி

ஒரே பாடத்தை விளக்கும் காணொலிகளுள் சில பெரும் பார்வை எண்ணிக்கையைப் பெற, வேறு சில கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. இதற்குக் காரணம் தேடியோர் பெரும்பாலும் காணொலியின் நீளம், காட்சியமைப்பு, பேச்சின் வேகம் ஆகியவற்றையே சுட்டுகின்றனர். பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்த அவர்கள், ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொலிகளே மாணவரை நிறுத்தி வைக்கின்றன என்றும், விரைந்தும் ஆர்வத்தோடும் பேசுவது துணைசெய்கிறது என்றும் கண்டனர். இம்முடிவுகளை அப்படியே தமிழுக்குப் பொருத்துவது தகாது. அங்கு ஆசிரியர் பேசும் மொழியும் மாணவர் தேர்வில் எழுதும் மொழியும் ஏறக்குறைய ஒன்று. தமிழில் அவை இரண்டு.

தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் அதுவே பலருக்கு வகுப்பறையாயிற்று. அதன் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. வகுப்பு, பாடம், அலகு எனப் பாடநூலின் வரிசையைப் பின்பற்றும் அவற்றின் மொழியும் பெரும்பாலும் பாடநூலின் மொழியே. பிரேமானந்த் சேதுராஜன் தொடங்கிய எல்.எம்.இ.எஸ். அலைவரிசையோ அலகிலிருந்து தொடங்காமல், அன்றாடம் காணும் ஒன்றைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்கி, ஆங்கிலச் சொற்கள் விரவிய பேச்சுத் தமிழில் விளக்கும் இயல்புடையது.

இவ்வேறுபாட்டைச் சுவை சார்ந்ததாக மட்டும் கொள்ளலாகாது. திருச்சி கே.கே. நகரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு பத்தாம் வகுப்பு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் தமிழ்வழியில் ‘இயக்க விதிகள்’ படிக்கிறார். மற்றவர் அதே பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார். வீட்டில் இருவரும் பேசுவது ஒரே தமிழ். பாடநூல் நடையில் அமைந்த காணொலி முதலாமவருக்கே உரியதாக, பேச்சு நடைக் காணொலி இருவரையும் சென்றடைகிறது. பார்வை எண்ணிக்கையின் ஏற்றத்துக்கு ஆசிரியரின் திறமையைக் காரணமாகக் கூறுமுன் இந்த எளிய கணக்கைப் பார்த்தல் வேண்டும். தேர்வை ஒட்டிய வாரங்களில் கூடும் எண்ணிக்கையையும் ஆசிரியர் கணக்கில் வைக்க இயலாது.

ஆயினும் பேச்சு நடை தரும் எளிமைக்கு ஒரு விலை உண்டு. மின்வெட்டு ‘பவர் கட்’, மூக்குக்கண்ணாடிக்கும் ‘பவர்’, வலிமையுள்ளவனுக்கும் ‘பவர்’. பாடநூலோ விசை, ஆற்றல், திறன் என மூன்றைப் பிரிக்கிறது. லென்சுக்கும் திறன் என்கிறது. பேச்சு நடைக் காணொலி ‘பவர்’ என்ற ஒரே சொல்லால் இவற்றைக் கடந்து செல்லுமாயின், பார்ப்பவர் புரிந்துவிட்டதாக நிறைவடைவார். ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு அவரிடம் சேர்ந்திராது. இவ்விழப்பு தமிழ்வழி மாணவரோடு நிற்பதன்று. பாடநூல் நடைக் காணொலியும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. அது சரியான சொல்லை உச்சரிக்கிறது, மாணவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ‘பவரை’த் தொடுவதே இல்லை.

டெரெக் முல்லர் 2008இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. இயற்பியல் கருத்தை நேராகவும் தெளிவாகவும் விளக்கிய காணொலியைப் பார்த்தவர்கள் அதைப் பாராட்டினர். தேர்வில் அவர்களது முன்னேற்றம் சிறிதே. தவறான எண்ணங்களை முதலில் பேசவிட்டுப் பின்னர் மறுத்த காணொலி பார்ப்பவரிடம் கூடுதல் மன உழைப்பைக் கோரியது. அதைப் பார்த்தவர்களே மிகுதியாகக் கற்றனர். விருப்பமும் கற்றலும் வெவ்வேறு என்பது இதன் பொருள். 2012இல் யூடியூப் பார்வை நேரத்துக்கு முதன்மை அளிக்கத் தொடங்கியது. அந்த நேரமும் கற்றலின் அளவாகாது.

தமிழ்க் காணொலித் திறனாய்வு நோக்க வேண்டிய இடம், பேச்சுச் சொல் கலைச்சொல்லாக மாறும் நொடி. மின்கட்டண அட்டையில் உள்ள ‘யூனிட்’ நல்ல தொடக்கமாகலாம். அதைத் திறனின் அளவாகக் கொள்வது எளிதில் நேரும் பிழை. உண்மையில் அது கிலோவாட் மணி, அதாவது ஆற்றலின் அளவு. அப்பிழையை வீட்டுத் தமிழிலேயே பேசவிட்டு, அதன்பின் திறன், ஆற்றல் என்ற இரு சொற்களையும் பிரித்துக் காட்டும் காணொலி நீளமாகத்தான் இருக்கும். பார்ப்பவர் சிலர் இடையிலேயே விலகவும் கூடும்.