ஒப்பந்தம் கேட்காத வயது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் அகதிப் பிள்ளை தடுமாறினால் பழியை ஆங்கிலத்தின்மேல் போடலாம். இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி நாவலப்பிட்டியில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போன நம் மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது. பாடம் தமிழில், கையில் இந்தியக் கடவுச்சீட்டு. இருந்தும் பதின்வயதில் போனவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் நிலைக்கவில்லை.

பெற்றோருக்கு அக்கறையில்லை என்பார்கள். உள்ள நகைநட்டை விற்று, மொழி ஒன்றைத் தவிர எல்லாமே புதிதான ஊரில் கூலிவேலை தேடியவர்களைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது? தமிழ்நாட்டுப் பள்ளிகளைக் குறை சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதி இங்கே, இலங்கையில் இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. மேலே படிக்க நாவலப்பிட்டி கதிரேசன் போன்ற டவுண் பள்ளிகளுக்கு இறங்கி வரவேண்டும். வந்தவர்கள் சிலரே. ஐந்தாம் வகுப்போடு நின்ற பதினான்கு வயதுப் பையன் அக்கரையில் எந்த வகுப்பில் உட்காருவான்? பதினொரு வயதுக் குழந்தைகளோடு உட்கார வெட்கப்பட்டு, தேயிலைக்கே திரும்பினான். தாக்குப்பிடித்தவனுக்கும் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத் தாள் காத்திருந்தது. ஆக, மொழிச் சிக்கல் இல்லை என்பதும் முழு உண்மையல்ல.

1974இல், ஆங்கிலம் தெரியாத சான்பிரான்சிஸ்கோவின் சீன வம்சாவளி மாணவர்கள் தொடுத்த வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பது மட்டும் சமத்துவமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கும் பதினேழு வயதில் போய்ச் சேர்ந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ் வாங்காமல் வெளியேறுவது உண்டு. ஆனால் உதவி தேவை என்பதையாவது அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. நம் பிள்ளைகள் தமிழ் பேசியதே அவர்களுக்கு உதவி தேவையில்லை என்று காட்டிவிட்டது.

என் தீர்ப்பில் முதற்குற்றம் கொழும்பையும் டில்லியையும் சேரும். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரையும் அவர்களின் ‘இயற்கைப் பெருக்கத்தையும்’ இந்தியாவுக்கு ஒதுக்கியது. பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பெருக்கத்துக்குள் அடக்கம். வேலையில் இருப்பவர் கப்பலேறும்வரை, அல்லது 55 வயதுவரை, அந்த வேலையில் நீடிக்கலாம் என்று எழுதினார்கள். கொண்டுபோகும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள், படிக்கிற பிள்ளை உள்ள குடும்பத்தைப் பள்ளியாண்டு முடிந்தபின் அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.