துரத்துகிறவனின் குரல்

‘கன்ஸ்மோக்’ என்ற வெஸ்டர்ன் நாடகத் தொடர் 1952 ஏப்ரல் முதல் 1961 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஓடியது. அதில் டாட்ஜ் சிட்டியின் மார்ஷல் மேட் டில்லனாகக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். 1955இல் தொடர் தொலைக்காட்சிக்குப் போனபோது அந்த வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆள் குண்டு. ஆறரை அடி உயரத்தில் ஜேம்ஸ் ஆர்னஸ் வந்து நின்றார், அடுத்த இருபது வருடம் அவர்தான் டில்லன்.

சினிமா வம்பு மாதிரித் தெரியும் இந்தச் சங்கதியில் எனக்கு ஒரு விமர்சனப் புள்ளி கிடைத்தது. வானொலியில் இருந்தவரை டில்லனுக்கு உடம்பே கிடையாது. உடம்பு இல்லாத போலீஸ்காரனிடம் நெஞ்சை நிமிர்த்தச் சொல்ல முடியாது, ஸ்லோ மோஷனில் நடக்கவிட முடியாது. பூட்ஸ் சத்தம், மரப்பலகையின் முனகல், தூரத்தில் ஒரு நாய், அப்புறம் அந்தக் களைத்த குரல். அவ்வளவுதான் அவன். மிச்சமிருப்பதை எல்லாம் மனசை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும்.

லேப்டாப்போடு ஊர் திரும்பியதிலிருந்து, இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கும் இந்த எபிசோடுகளை ராத்திரி வேலை முடித்து ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். ஊர், கொடைரோடு. மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை, நடுவில் தண்டவாளமும் நால்வழிச் சாலையும் திராட்சைப் பந்தல்களும். கான்சாஸ் புழுதி இந்தக் காதுக்கு ஒன்றும் அந்நியமாகப் படவில்லை. உறுத்தியது வேறொன்று. கொள்ளைக்காரர்களின் கதைகளை நாமும்தான் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டிருக்கிறோம். அவற்றில் துரத்திக்கொண்டு வருகிறவனுக்கு ஏன் ஒரு குரலே இல்லை?

முதலில் அந்தப் பக்கத்துக் கதை. ரேடியோ வெஸ்டர்னை நாடறியச் செய்தது 1933இல் டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தில் தொடங்கிய ‘லோன் ரேஞ்சர்’. முகமூடி, வெள்ளிக் குண்டு, வெள்ளைக் குதிரை. ஹீரோ யாரையும் கொல்ல மாட்டான். பொடிசுகளுக்கான சட்டம் அது, கறையே படாதது. தயாரிப்பாளர் நார்மன் மெக்டொனலும் எழுத்தாளர் ஜான் மெஸ்டனும் கன்ஸ்மோக்கைப் பெரியவர்களுக்காகச் செய்தார்கள்.

1952 கடைசியில் வந்த ‘தி கேபின்’ என்ற எபிசோடை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். பனிப்புயலில் மாட்டிக்கொண்ட டில்லன் ஒரு மரக்குடிலில் ஒதுங்குகிறான். உள்ளே இரண்டு கொள்ளையர்கள், அவர்களிடம் சிக்கிய ஒரு பெண். கடைசியில் இருவரையும் டில்லன் சுட்டுவிடுகிறான். நம்ம படமாக இருந்தால் அங்கே பின்னணி இசை பொங்கும். இங்கே சுட்ட பிறகுதான் கதையே கனக்கிறது. அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுக்க சட்டத்தின் கையில் ஒன்றுமில்லை. அவள் போகப்போகும் வழியும் நல்ல வழியில்லை. அது டில்லனுக்கும் தெரியும். சட்டம் வந்தது, ஆனால் லேட்டாக வந்தது. இந்த உண்மையைச் சொல்ல அரை மணி நேரமும் ஒரு மைக்கும் போதுமாக இருந்திருக்கிறது.

இப்போது நம்ம பக்கம். நெல்லைச் சீமையில் திரிந்த ஜம்புலிங்கம் 1923இல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் அவரைப் பாட்டாகப் பாடியது. டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான், காட்டிக் கொடுக்கப்பட்டான், செத்தான் என்பது இந்த வகைக் கதைகளின் எலும்புக்கூடு. ‘மலையூர் மம்பட்டியான்’ (1983), ‘சீவலப்பேரி பாண்டி’ (1994) வரைக்கும் அதே எலும்புக்கூடுதான் நடந்து வந்தது. போலீஸ் இந்தக் கதைகளில் ஒரு விசில் சத்தம், ஒரு காக்கி நிறம். பெரும்பாலும் அவனுக்குப் பெயர்கூட இருக்காது.

இதை ரசனைக் கோளாறு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. வட இந்தியாவில் 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காக மனிதர்களிடம் கைரேகை வாங்கிப் பதிவு செய்த சட்டம். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் அதை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. கொடைரோட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை அந்த ஊர். 1947 வரை நீடித்த அந்தச் சட்டம் பிறக்கும்போதே ஒருவனைக் குற்றவாளி என்றது. அப்படிப்பட்ட மண்ணில் பாட்டுக் கட்டுகிறவன் யார் பக்கம் நிற்பான்? அவன் நின்ற இடம் நியாயமானது.

அமெரிக்கர்களுக்கும் பெருங்காமநல்லூர்கள் உண்டு. 1890இல் வூண்டட் நீயில் ராணுவம் கொன்று குவித்த லகோட்டா மக்கள் எந்த மார்ஷலின் கதையில் வருகிறார்கள்? ரேடியோ வெஸ்டர்ன் பெரும்பாலும் அந்தப் பக்கம் மைக்கைத் திருப்பவே இல்லை. டில்லனின் களைப்பை நான் மதிக்கிறேன். அந்தக் களைப்புக்கும் ஒரு எல்லை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழில் போலீஸுக்குக் குரல் கிடைத்தபோது என்ன ஆனது? மேடை நாடகமாக இருந்து 1974இல் படமான ‘தங்கப்பதக்கம்’. மகேந்திரன் எழுதியது. எஸ்.பி. சௌத்ரியாக சிவாஜி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முழுசாகப் புரிகிற படம். சொந்த மகனையே சுடும் சௌத்ரியிடம் துக்கம் உண்டு, சந்தேகம் கிடையாது. டில்லன் சுட்ட பிறகு சட்டத்தைப் பற்றியே யோசிக்கிறான். சௌத்ரிக்குச் சட்டம் கோயில் மாதிரி, பலி கொடுக்கலாம், கேள்வி கேட்க முடியாது. அடுத்த வருடம் வந்த ‘ஷோலே’யின் வசனங்களை பாலிடார் இசைத்தட்டாகப் போட்டது. இந்தியாவின் ரேடியோ வெஸ்டர்ன் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்தத் தட்டைத்தான் சொல்வேன். அதிலும் ஜனங்கள் மனப்பாடம் செய்தது துரத்தும் டாக்கூரை இல்லை, கப்பர் சிங்கை. காதுக்கு எப்போதும் கொள்ளைக்காரனைத்தான் பிடித்திருக்கிறது.

பிறகு என்கவுன்டர் காலம். ‘சாமி’, ‘காக்க காக்க’ இரண்டுமே 2003. போலீஸ்காரனின் உடம்பு திரை முழுக்க நிறைந்தது, சுடுவது கைதட்டல் வாங்கும் தருணமானது. கொள்ளைக்காரனுக்காகப் பாட்டுக் கட்டிய அதே சமூகம், விசாரணை இல்லாமல் கொல்வதற்கு விசிலடித்தது. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் செத்தார்கள். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அப்போது அறிக்கை விட்டார். ஒரு கமர்ஷியல் இயக்குநர் தன் படங்களைப் பற்றி எழுதிய நேர்மையான விமர்சனம் அது. சட்டத்தின் குரலை எப்படிக் கேட்கிறோம் என்பது வெறும் அழகியல் விவகாரம் இல்லை, லாக்கப் வரைக்கும் போகிற விவகாரம்.

என் கேள்விக்குப் பதில் மாதிரி ஏதாவது தமிழில் இருக்கிறது என்றால் அது வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் (2023). ஜெயமோகனின் ‘துணைவன்’ கதையிலிருந்து வந்தது. சூரி நடித்த குமரேசன் ஒரு போலீஸ் டிரைவர், அடிமட்டம். தலைமறைவாக இருக்கும் பெருமாள் வாத்தியாரைத் தேடும் படையில் அவனும் ஒருத்தன். அம்மாவுக்கு அவன் எழுதும் கடிதமாகப் படம் காதில் விழுகிறது. துரத்துகிறவன் கடைசியில் வாயைத் திறந்துவிட்டான். ஊர்ப் பெண்களைக் கூட்டி வந்து சித்திரவதை செய்கிறார்கள். அது நிற்க வேண்டுமென்றால் வாத்தியார் பிடிபட வேண்டும் என்று அவன் ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அது டில்லனுக்கும் வாய்க்காத நெருக்கடி. சட்டத்தின் கொடுமையை நிறுத்த, சட்டத்துக்கே வேலை செய்ய வேண்டியிருக்கிறது அவனுக்கு.

குறை இல்லாமல் இல்லை. படம் காட்டிவிட்டதையே கடிதம் மறுபடி விளக்குகிறது, சும்மா இருக்க வேண்டிய இடத்தை இசை நிரப்புகிறது. கன்ஸ்மோக்கின் மௌனம் இதற்கு வரவில்லை. 2024இல் வந்த இரண்டாம் பாகத்திலோ கதை சொல்லும் வேலை பெருமளவு வாத்தியாரிடம் போய்விட்டது. போலீஸ்காரர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். நூறு வருடப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

இன்றைக்குத் தமிழில் பாட்காஸ்ட் செய்கிறவர்கள் பேய்க் கதையும் கொலைக் கதையும் நிறையச் செய்கிறார்கள். ஒரு கான்ஸ்டபிளின் ராத்திரியை யாராவது ஒலியாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவனைப் புனிதனாக்க வேண்டாம், சிங்கமாக்கவே வேண்டாம். கொள்ளைக்காரனின் பாட்டைக் குறைக்கவும் வேண்டாம். ஜம்புலிங்கம் செத்ததைப் பாட்டாகக் கேட்டிருக்கிறோம். சுட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனவன் பெண்டாட்டியிடம் என்ன சொல்லியிருப்பான்? அவனும் ஏதோ ஒரு ஊர்க்காரன்தானே.