சாம்பல் முகத்தின் அழகு

பற்பசை, தேயிலை, சோப்பு ஆகியவை வந்த பெட்டிகளை வெட்டி வாழ்த்து அட்டை செய்வது பள்ளிக் கண்காட்சி மேசையோடு முடிந்துபோகும் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் அச்சகத்தாரும் புத்தகம் கட்டுவோரும் பெற்றிருக்கும் பொருளறிவு இக்கைவினைக்கும் வேண்டும். இப்பெட்டிகளில் பல, சிவகாசி அச்சகங்களில் டூப்ளெக்ஸ் போர்டு என வழங்கும் அட்டையால், அதாவது பழைய தாளின் கூழிலிருந்து வந்த சாம்பல் நிற முதுகும் அச்சேற்பதற்காக வெண்பூச்சு இடப்பட்ட முகமும் கொண்ட அட்டையால் ஆனவை. ஆலையில் கூழ் ஓடிய திசையிலேயே அதன் நார்கள் பெரிதும் படிந்திருப்பதால், அந்த நாரோட்டத்தை ஒட்டி மடித்தால் அட்டை இணங்கி மடியும். குறுக்கே மடித்தாலோ பூச்சு வெடித்து மடிப்பு நெடுக வெள்ளைக் கீறல் விழும். தேர்ந்த கைவினைஞர் துண்டை இரு வாட்டத்திலும் மெல்ல வளைத்து, எந்த வாட்டத்தில் எளிதாக வளைகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கத்தரிக்கோலை எடுப்பார்.

மடிக்குமுன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் முனையால் அழுத்தி ஒரு பள்ளக்கோடு இடுவதை அச்சகத்தார் கிரீசிங் என்பர். பெட்டித் தொழிலின் வரலாறே இக்கோட்டோடு பிணைந்தது: 1879-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ராபர்ட் கெயர் நடத்திய காகிதப்பை ஆலையில், மடிப்புக்கோடு இடவேண்டிய உலோகப் பட்டை இடம்பெயர்ந்து பைகளை வெட்டிவிட, வெட்டுவதையும் கோடிடுவதையும் ஒரே அழுத்தத்தில் முடிக்கலாம் என்பதை அவர் அந்தப் பிழையிலிருந்தே உணர்ந்தார்.

பெட்டியின் பழைய பிழைப்பை மறைக்கத் தங்க வண்ணத்தையும் மினுக்குத் தூளையும் அள்ளிப் பூசும் வழக்கம் ரசனைக்குப் பகையானது. பெட்டியைப் பிரித்து உட்புறத்தை வெளியே திருப்பினால் கிடைக்கும் மங்கிய சாம்பல் தளத்தில் குங்குமச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளைத் தாளில் காணாத அடர்த்தியோடு எழுகின்றன. பழைய கல்யாணப் பத்திரிகையின் புடைப்பு அச்சுப் பிள்ளையாரை வெட்டி அத்தளத்தில் ஒட்டுகையில், மூலையில் தடவிய மஞ்சள் கறையையும் சேர்த்தே வெட்டுபவர் விஷயம் தெரிந்தவர். ஜெர்மனியின் ஹனோவர் நகரக் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸ், 1919 முதல் 'மெர்ட்ஸ்' என்ற பெயரில் பயணச்சீட்டுகளையும் மேலுறைகளையும் ஒட்டி அமைத்த ஒட்டுப்படங்களிலும், அச்செழுத்தின் துணுக்குகள் மறைக்கப்படாமலே நிற்கின்றன.

பார்சல் பெட்டியின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் வெளிப்படும் நெளிவு வரிகள், ஓட்டுக் கூரையோ உழவுசாலோ வரைய விரும்பும் பொங்கல் வாழ்த்துக்குத் தாமாகவே ஓவியமாகிவிடும். சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிப் பளபளப்பு ஆசை காட்டினாலும், நீர் கலந்த பசை ஊற நாரில்லாத பிளாஸ்டிக் அது. இருபுறம் ஒட்டும் டேப்பைத் தவிர அதற்கு வேறு வழி எளிதில்லை. அட்டையிலும் பசையை மெல்லிய படலமாகவே தடவ வேண்டும். ஈரம்பட்ட பக்கம் விரிந்து அட்டை வில்லாக வளைய முற்படுமாதலால், ஒட்டிய உடனே கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வைப்பது அனுபவம் உள்ளோர் விடாத பழக்கம்.