நெற்றி உயரக் கம்பு

சிலம்பாட்டத்தை நின்று ரசிக்கிறோம். கம்பு பொறுக்குவதை யாரும் கவனிப்பதில்லை. கோவையில் மாலை வகுப்புக்கு வரும் பொடிசுகளுக்கு மெல்லிய பிரம்புதான். நட்டு வைத்தால் நெற்றியைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அளவு. கை தவறி முழங்காலில் பட்டாலும் அழுகை சீக்கிரம் அடங்கிவிடும். தடித்த கம்பை நோட்டம் விடும் பிள்ளையிடம் ஆசான், "கொஞ்ச நாள் போகட்டும் கண்ணு" என்பார்.

கை பழகியவர்களுக்குத்தான் உள்ளே பொள்ளல் அதிகமில்லாத கல்மூங்கில். ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் கோணல் பார்ப்பதும், நடுவில் விரல் கொடுத்துச் சமன் நிறுத்துவதும், எண்ணெய் குடித்த கணுக்களை உள்ளங்கையால் தடவுவதும் தனி ரசனை. எனக்குப் பிடித்தது கடைசிச் சோதனை: ஒரே ஒரு சுற்று. நல்ல கம்பு காற்றைச் சீராக 'வ்வூம்' என்று கிழிக்கும். கனம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த ஒலி திக்கும்.