ஹசரங்க காயப்பட்டால்தானா?

2024 மே 21, அஹமதாபாத். ஐ.பி.எல். முதலாவது தகுதிகாண் போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு எதிராக 160 ஓட்டங்களைத் துரத்திய கொல்கத்தா, 13.4 ஓவர்களில் ஆட்டத்தை முடித்தது. கடைசியில் பந்து யார் கையில்? ட்ரவிஸ் ஹெட் கையில். துடுப்பாட்டத்துக்காக அணியில் இருப்பவரை ஷ்ரேயாஸ் ஐயர் வெளுத்துக்கட்டினார். லெக் ஸ்பின்னுக்கென்றே சேர்க்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளை விஜயகாந்த் வியாஸ்காந்த் இரண்டு ஓவர்களோடு நிறுத்தப்பட்டிருந்தார். எங்கள் முகத்துவாரத்து ஒழுங்கையில் மென்பந்து ஆடும் பொடியன்கள்கூட இப்படிச் செய்வதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள்.

அந்த இரண்டு ஓவர்களிலும் ஓட்டம் போனது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். மே 8, லக்னோவுக்கு எதிரான அறிமுகப் போட்டி: 4 ஓவர்களில் 27 ஓட்டங்கள். விக்கெட் இல்லை, ஆனால் நடு ஓவர்களில் கடிவாளம் அவர் கையில்தான் இருந்தது. அன்றிரவு ஹைதராபாத் 9.4 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றி 167 அடித்ததால் அந்த 27ஐ யாரும் கவனிக்கவில்லை. மே 19, பஞ்சாப் 214 குவித்த ஆட்டம்: 4 ஓவர்களில் 37, கூடவே 71 ஓட்டங்களுடன் ஆடிக்கொண்டிருந்த பிரப்சிம்ரனின் விக்கெட். அத்தனை பேர் அடிவாங்கிய நாளில் இது நல்ல கணக்கு.

சன்ரைசர்ஸுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வெளிநாட்டவர் நால்வருக்குத்தான் இடம். ஹெட், கிளாசன், கமின்ஸ் மூவரையும் அசைக்க முடியாது. மிஞ்சிய ஒரே இடம் அடுத்த போட்டியில் மார்க்ரமுக்குப் போனது. சேப்பாக்கத்தில் ஷாபாஸ் அஹமட் 3 விக்கெட் எடுத்து வென்றும் கொடுத்தார். குறை சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது நம் வீட்டுக் கணக்கு. வியாஸ்காந்த் ஹைதராபாத் போனதே குதிக்கால் காயத்தால் விலகிய வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு. அதே ஆண்டு ஆகஸ்ட் 4, இந்தியாவுடனான போட்டி, கெத்தாராம மைதானம். இங்கிருந்து முச்சக்கரவண்டியில் போகும் தூரம். ஹசரங்க மீண்டும் காயம். இன்னொரு லெக் ஸ்பின்னர் ஜெஃப்ரி வெண்டர்சே உள்ளே. விக்கெட் இழப்பின்றி 97 என்றிருந்த இந்தியா 147க்கு 6. ஆறும் வெண்டர்சேக்கு! ரோஹித் திருப்பி அடித்துப் பிடி கொடுத்தார், கோலி எல்.பி.டபிள்யூ. ஆனார். 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட், 32 ஓட்டங்களால் வெற்றி.

இரண்டாவது லெக் ஸ்பின்னர் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறார். ஹசரங்கவின் காலோ தொடையோ மக்கர் பண்ணினால்தான் அவர் நினைவுக்கு வருகிறார்.

வியாஸ்காந்த் நேற்று முளைத்தவர் அல்ல. 2020 டிசம்பரில், பத்தொன்பது வயதை எட்டுவதற்கு முதல்நாள், ஜஃப்னா ஸ்டாலியன்ஸுக்காக எல்.பி.எல்.லில் இறங்கியவர். 2023 ஆசிய விளையாட்டில் இலங்கைக்கும் ஆடினார். 2024 ஆரம்பத்தில் எம்.ஐ. எமிரேட்ஸுக்காக நான்கு போட்டிகளில் 8 விக்கெட், ஓவருக்கு 5.43 ஓட்டங்கள்தான்.

ஹசரங்க துடுப்பாட்டமும் தெரிந்தவர். அவரை ஏழாம் இலக்கச் சகலதுறை வீரராகக் கணக்கிட்டால் இன்னொரு லெக் ஸ்பின்னருக்கு இடம் தானாகவே கிடைக்கும். பந்து மெதுவாக வந்து திரும்பும் கெத்தாராமவில் இது சூதாட்டமே இல்லை. தெரிவாளர்களே, அடுத்த உள்ளூர்த் தொடரில் ஹசரங்க, வியாஸ்காந்த் இருவரையும் சேர்த்து இறக்குங்கள். இறக்கினால் அந்த நான்கு ஓவர்களையும் முழுதாகக் கொடுங்கள்.