பட்டம் இழந்த எரிக்

ஸ்வீடன் அரசன் பதினான்காம் எரிக் 1560-ல் பட்டத்துக்கு வந்தான். 1568-ல் தம்பி யோஹானிடம் அதைப் பறிகொடுத்தான். 1577-ல் சிறையில் செத்தான். பட்டாணி சூப்பில் விஷம் கலந்து கொடுத்தார்கள் என்பது கர்ண பரம்பரை. 1958-ல் கல்லறையைத் திறந்து சோதித்தபோது எலும்புகளில் ஆர்செனிக் இருந்ததாகக் கண்டார்கள்.

சாதாரண சரித்திரக் கதாசிரியர் இந்தச் சூப்புக் கிண்ணத்தை விடவே மாட்டார். 1899-ல் எரிக்கைப் பற்றி நாடகம் எழுதிய ஸ்ட்ரிண்ட்பர்க்கோ, அந்தச் சாவுக்கு வெகு முன்பே திரையைப் போட்டுவிடுகிறார். அவருக்கு வேண்டியது சாவு அல்ல, சரிவு.

எரிக் நிரபராதி அல்ல. 1567-ல் உப்சாலாவில், சிறைப்பட்டிருந்த ஸ்டூரே குடும்பத்துப் பிரபுக்கள் கொல்லப்பட்டார்கள். நில்ஸ் ஸ்டூரேயை அவன் தன் கையாலேயே குத்தினான். இங்கிலாந்து ராணி எலிசபெத்தை மணக்க ஆசைப்பட்டவன், கடைசியில் சிப்பாய் மகள் காரினை மணந்துகொண்டான். அந்தக் கல்யாண விருந்துக்குப் பிரபுக்கள் வராமல் போகவே, தெருவில் போகிறவர்களைக் கூட்டிவந்து உட்காரவைக்கிறான். நாடகத்தின் சிகரம் இதுதான். சிரிப்பதா, அழுவதா என்று நமக்குத் தெரிவதில்லை.

ஒரு குறை உண்டு. ஆலோசகன் யோரான் பேர்ஷனுக்கு ஆசிரியர் அளவுக்கு மீறி அறிவைக் கொடுத்துவிட்டார். அவன் பேசும்போதெல்லாம் ராஜா சிறுத்துப்போகிறான்.

ஆனாலும் நூல் நிற்கிறது. எரிக்கைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்கிவிட்டால் அவன் செய்த கொலைக்கு அவன் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஸ்ட்ரிண்ட்பர்க் அவனை மன்னிக்கவுமில்லை, ஒதுக்கவுமில்லை. கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் நம்மை இரங்கவைக்கிறார். அதற்குத்தான் இலக்கியம் வேண்டியிருக்கிறது.